கும்பகோணத்தில் ஒரு மலப் பரிசோதனை

காவிரியில் தண்ணீர் வந்த நேரம், ஊரைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வகத்தை நினைத்தாலே வயிறு எரிகிறது.

அக்காவுக்குப் பல வருஷமாக லூபஸ். நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். இந்த முறை இரண்டு காலும் வீங்கியிருந்தன. கணுக்காலுக்கு மேல் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. ஈரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதம் ரத்தத்தில் 1.9. 3.5க்குக் கீழே போகக் கூடாது. லூபஸ் என்றால் முதலில் கிட்னியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் மூத்திரத்தில் புரதமே இல்லை.

சாயங்கால கிளினிக், டோக்கன், கூட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த நெரிசலிலும் டாக்டர் பழைய ஃபைலை முழுக்கப் புரட்டினார். "ஈரல் நல்லா இருக்கு, கிட்னியும் புரதத்தை வெளியே விடலை. அப்போ குடல் வழியாத்தான் போகுது தம்பி" என்றார். லூபஸ் குடலைத் தாக்கினால் ரத்தத்துப் புரதம் குடலுக்குள் கசிந்து மலத்தோடு போய்விடுமாம். சிலருக்கு வயிற்றுப்போக்குகூட இருக்காதாம். நான் இருக்கும் லண்டனில் இதைக் கேட்க ஜிபி என்கிற குடும்ப டாக்டரைத் தாண்டி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஊர்ப் பெருமை தாங்கவில்லை எனக்கு.

அப்புறம்தான் ஆய்வகம். டாக்டர் எழுதியது ஆல்ஃபா 1 ஆன்டிட்ரிப்சின். ரத்தத்தில் இருக்கும் இந்தப் புரதத்தைக் குடல் நொதிகள் சிதைப்பதில்லை. அதனால் மலத்தில் அதிகமாக இருந்தால் கசிவு உறுதி. அதற்கு 24 மணி நேர மலம் முழுவதையும் சேர்க்க வேண்டும். வீங்கிய காலோடு, கூச்சத்தோடு அக்கா சேர்த்துக் கொடுத்தாள். கவுன்டர் பையன் முகத்தைச் சுளித்து, "இவ்ளோ எதுக்கு சார், ஒரு டப்பி போதும்" என்றான். சீட்டை நீட்டிக் காட்டினேன். "தெரியும் சார்" என்று பணத்தை வாங்கிக்கொண்டான். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் புழு இல்லை, முட்டை இல்லை, நிறம் பழுப்பு! மீதியைக் கொட்டிவிட்டார்களாம். எங்களிடம் வசதி இல்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? லண்டனில் தாமதமாகும், ஆனால் எழுதாத டெஸ்ட்டைச் செய்து காசு வாங்க மாட்டார்கள்.

மறுபடியும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பி, கசிவு உறுதியானது. குடல் காசநோய் இல்லை என்று பயாப்ஸியில், அதாவது குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகே, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டும் அசதயோப்ரினும் தொடங்கினார் டாக்டர். அல்புமின் இப்போது 2.8. ஆய்வகத்திலிருந்து பணம் திரும்பி வரவில்லை. அக்கா அந்தத் தெருப்பக்கமே போக மாட்டேன் என்கிறாள்.