எவர்கிரீன் ஸ்டைரீன் பட்டைகள்: சிற்றுரு டாங்கிக்குச் சங்கிலியும் சக்கரமும்

சிற்றுருப் போர் விளையாட்டுக்கான டாங்கியைக் கையாலேயே செய்கிறவர்களுக்கு உடற்பகுதி பெரிய தடையாக இருப்பதில்லை. தட்டையான பக்கங்களை அளந்து வெட்டி ஒட்டிவிடலாம். சங்கிலியில்தான் வேலை கடினமாகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் ஒரே அகலத்திலும் ஒரே கனத்திலும் ஒரே இடைவெளியிலும் வரிசையாக நிற்க வேண்டும். அவற்றுள் ஒன்று அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர் கண்ணில் பட்டுவிடும். அமெரிக்காவின் எவர்கிரீன் ஸ்கேல் மாடல்ஸ் நிறுவனம் விற்கும் வெள்ளை ஸ்டைரீன் (ஒரு வகை நெகிழி) பட்டைகள், தகடுகள், குழாய்கள் ஆகியவற்றை இந்த ஒரு வேலையை மட்டும் அளவுகோலாக வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

பட்டைகள் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளத்தில், பல அகலங்களிலும் கனங்களிலும் சிறு பொட்டலங்களாக வருகின்றன. அளவுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை, 0.020 அங்குலம் என்பது அரை மில்லிமீட்டர் கனம் என்றும், 0.100 அங்குலம் என்பது இரண்டரை மில்லிமீட்டர் அகலம் என்றும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நாம் பணம் கொடுப்பது ஸ்டைரீன் என்ற பொருளுக்காக அன்று, இந்த அளவு மாறாமைக்காகத்தான். பெரிய தகட்டிலிருந்து கத்தியால் கீறி எடுக்கும் பட்டை எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் போகும். ஓரத்தில் பிசிறும் எழும்பும். இந்தப் பட்டைகளில் அந்தத் தொல்லை இல்லை.

எடுத்துக்காட்டாக, 28 மில்லிமீட்டர் சிற்றுருக்களோடு நிறுத்தும் 1/56 அளவிலான டி-34 என்னும், இரண்டாம் உலகப்போர்க் காலச் சோவியத் டாங்கியைப் பார்ப்போம். உண்மை வண்டியின் சங்கிலி 500 மில்லிமீட்டர் அகலம்; ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைத்தொலைவு 172 மில்லிமீட்டர்; ஒரு பக்கத்துக்கு 72 கண்ணிகள். 56-ஆல் வகுத்தால் அகலம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டரும் இடைத்தொலைவு 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியும் வருகின்றன. இரண்டரை மில்லிமீட்டர் அகலப் பட்டையை 9 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கினால், கண்ணிகளுக்கு இடையிலுள்ள மூட்டுப் பள்ளம் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு பட்டையில் 38 துண்டுகள் தேறும் என்பதால், இரு பக்கத்துக்கும் தேவையான 144 கண்ணிகளுக்கு நான்கு பட்டைகள் போதும். ஒரு முழு டாங்கியின் சங்கிலி ஒரே பொட்டலத்துக்குள் அடங்கிவிடுவது எனக்கு மிகவும் நிறைவளிக்கிறது.

துண்டுகள் ஒரே நீளத்தில் அமைய, நிறுத்தக் கட்டை வைத்த வெட்டுப் பலகை ஒன்று அவசியம். ரயில் மாதிரி செய்வோருக்காக நார்த்வெஸ்ட் ஷார்ட் லைன் நிறுவனம் உருவாக்கிய சாப்பர் என்னும் சிறு வெட்டுக்கருவி இதற்கு மிகப் பொருத்தமானது. பிளேடு பொருத்திய கைப்பிடியை அழுத்தினால் ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் விழும். அதை வாங்க இயலாதவர்கள் மரப்பலகையில் ஒரு கட்டையை ஒட்டி, பட்டையை அதில் முட்டவைத்து வெட்டினாலும் அதே பயன் கிடைக்கும்.

கண்ணிகளை ஒட்டுவதற்கான அடித்தளம் கால் மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டிலிருந்து வெட்டிய நாடா. டி-34-இன் சங்கிலிச் சுற்று இந்த அளவில் சுமார் 221 மில்லிமீட்டர். தகட்டின் நீளம் 30 சென்டிமீட்டர் என்பதால் இடையில் ஒட்டுப்போட வேண்டியதில்லை. நாடாவைச் சக்கரங்களைச் சுற்றி வளைத்து நிலைப்படுத்திய பிறகே கண்ணிகளை ஒட்ட வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். தட்டையாக வைத்து ஒட்டிவிட்டுப் பிறகு வளைத்தால், கண்ணி உள்ள இடம் விறைத்தும் இல்லாத இடம் மடிந்தும் சங்கிலி பலகோணமாகிவிடும். இறுக்கமான வளைவுகளுக்கு நாடாவை ஒரு கோலில் சுற்றிச் சுடுநீரில் சற்றுநேரம் வைத்தால் வளைவு நிலைத்துவிடும். பசையாக, டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்று ஸ்டைரீனையே கரைத்து இணைக்கும் நீர்மப் பசைதான் ஏற்றது; தூரிகை நுனியால் தொட்டவுடன் இடுக்கில் ஓடிப் பரவும். அதை மிகுதியாக விட்டால் மெல்லிய நாடா இளகி நெளியும். இழுவிசையில் இருக்கும் வளைவுகளில் வெடிப்பும் காணும். சாளரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்வது உடல்நலத்துக்கு நல்லது.

உண்மைச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணிக்கு உட்புறத்தில் கொம்பு போன்ற பல் உண்டு. மேல்வரிசையில் சக்கரங்களுக்கு இடையே கண்ணில் படும் இடங்களில் மட்டும் சிறு முக்கோணத் துண்டுகளை ஒட்டினால் போதும். விளையாட்டு மேசையில் ஆள்மாற்றி ஆள் எடுத்து வைக்கும் உருவத்துக்கு, எவரும் பார்க்காத பற்களைவிட உறுதியான ஒட்டு முக்கியம்.

சக்கரத்துக்கு வந்தால் என் மதிப்பீடு அவ்வளவு உயர்வாக இல்லை. டி-34-இன் தாங்கு சக்கரம், அதாவது வண்டியின் எடையைத் தாங்கிச் சங்கிலிமீது உருளும் சக்கரம், 830 மில்லிமீட்டர் விட்டம் உடையது. 1/56 அளவில் அது 15 மில்லிமீட்டரை நெருங்குகிறது. எவர்கிரீன் குழாய்களில் மிகப் பெரியதே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஆகவே தகட்டிலிருந்து வட்டங்களை வெட்டி அடுக்குவதைத் தவிர வழியில்லை. வட்டம் வெட்டும் கவராயம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் தகட்டை எடுத்து வெட்டலாம். மையத்துளையில் ஒரு கம்பியைச் செருகி அடுக்கினால் வட்டங்கள் விலகாமல் ஒட்டிக்கொள்ளும். டி-34-இல் பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள், ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாட்டால் எஃகு விளிம்புடைய சக்கரங்களும் பொருத்தப்பட்டன. ஸ்டாலின்கிராட் ஆலையில் உருவான வண்டிகளைச் செய்பவர்கள் ரப்பர் வளையத்தைக் காட்டாமலேயே விட இது இடம் தருகிறது.

அதே போரில் அமெரிக்கா பயன்படுத்திய ஷெர்மன் டாங்கிக்கு இதே குழாய்கள் நன்றாக உதவுகின்றன. அதன் தாங்கு சக்கரம் 20 அங்குல விட்டம், 9 அங்குல அகலம்; 1/56 அளவில் 9 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் அகலமும் ஆகும். 9.5 மில்லிமீட்டர் குழாயை 4 மில்லிமீட்டர் வளையங்களாக அறுத்து, நடுவில் தகட்டு வட்டத்தைப் பொருத்தினால், ரப்பர் வளையமும் உள்தட்டும் தனித்தனியாகத் தெரியும் சக்கரம் அமைந்துவிடும். அரை மில்லிமீட்டர் மிகுதி மேசையில் உறுத்தாது. அறுப்பதற்குக் கத்தியைவிட நுண்பல் ரம்பமே நல்லது. கத்தியால் அழுத்தினால் குழாய் நீள்வட்டமாக நசுங்கும்.

ஷெர்மனின் பன்னிரண்டு தாங்கு சக்கரங்களையும் இப்படியே செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறையின்றிச் செய்து, சுடுநீரில் இளகும் ஓயுமாரு போன்ற அச்சுப் பொருளில் பதித்து, மில்லிபுட் போன்ற இருபகுதி எப்பாக்சி மாவை அழுத்தி நகலெடுக்கலாம். சங்கிலிக்கு இம்முறையை நான் பரிந்துரைப்பதில்லை. நேர்க்கோட்டில் வார்த்த மாவு காய்ந்தபின் வளையாது. காயும் முன் வளைத்தால் கண்ணிகளின் வடிவம் கெடும்.

விலையைப் பொறுத்தவரை, பட்டைகளுக்குக் கேட்கும் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். தகடுகளுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். சூடாக்கிய தாளை அச்சின்மீது உறிஞ்சிப் படியவைக்கும் வெற்றிடமுறை வார்ப்புக்காக விற்கப்படும் சாதாரண ஸ்டைரீன் தாள் உடற்பகுதிக்கும் சக்கர வட்டங்களுக்கும் குறைந்த செலவில் அதே பணியைச் செய்யும். கால் மில்லிமீட்டர் தகடு ஒன்றை மட்டும் நாடாவுக்காக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாய்களை, செய்யப்போகும் வண்டியின் சக்கர விட்டத்தைக் கணக்கிட்ட பிறகு, தேவையான அளவில் மட்டும் வாங்குவது நல்லது.

முதன்முறையாக முயல்பவர்கள் 1917 நவம்பரில் பிரான்ஸின் காம்ப்ரேயில் பெருந்திரளாக இறங்கிய பிரிட்டனின் மார்க் 4 டாங்கியிலிருந்து தொடங்கலாம். அதன் சங்கிலி ஏறத்தாழ 520 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான எஃகுத் தகடுகளின் வரிசை. உடலின் வெளிவிளிம்பைச் சுற்றி ஓடுவதால் நாடாவை அதன்மீதே நேராக ஒட்டிக்கொள்ளலாம். உருளைகள் கவசத்துக்குள் மறைந்திருப்பதால் சக்கரம் ஒன்றுகூடச் செய்ய வேண்டியதில்லை.