வளைபாதம்: மாவுக்கட்டா, பெரிய ஆபரேஷனா?

பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கம் திரும்பி, குதிகால் மேலேறியிருந்தால் அதுதான் வளைபாதம் (கிளப் ஃபுட்). ‘கிரகணம் பட்டது’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

இதற்கான சிகிச்சையான பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றுவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு கட்டு. முட்டியை 90 டிகிரி மடக்கித் தொடை வரை போட வேண்டும், முட்டிக்குக் கீழே நிறுத்தினால் நழுவும். வெளியே தெரிந்த விரல்கள் உள்ளே போய்விட்டால் கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். விரல் நீலம் பாரித்தாலோ வெளுத்தாலோ நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முடிவில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகாலுக்குப் பின்னால் உள்ள நாணில் சின்ன வெட்டு, பிறகு 3 வாரக் கட்டு.

கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். நடுவில் கம்பி பூட்டிய ஜோடி ஷூவை 3 மாதம் தினம் 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூங்கும்போது போட வேண்டும். ‘கால்தான் நேராயிடுச்சே’ என்று கழற்றிப் போட்டால் பாதம் மறுபடி திரும்பிக்கொள்ளும். கம்பி தோள் அகலம் இருக்கட்டும். ஷூவின் பின் ஓட்டை வழியே குதிகால் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் சரியாக இறங்கவில்லை.

பெரிய ஆபரேஷனில் மூட்டுகளைத் திறந்து இறுகிய தசைநார்களை விடுவிப்பார்கள். கால் சட்டென்று நேராகும். ஆனால் தழும்பு இறுகி, வளர்ந்தபின் விறைப்பும் வலியும் வரலாம். மாவுக்கட்டில் சரியாகாத விறைத்த பாதத்துக்கு மட்டும்தான் அது. கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் பஸ் ஏறினால் ஒருநாள் கூலி போகும்தான். அதற்காக ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பது தப்புக் கணக்கு.