ஹார்னெட் கேரியர் லேண்டிங்: ஆட்டோ த்ராட்டிலா, கையாலயா?

டிசிஎஸ்ங்கிற விமான சிமுலேட்டர் கேம்ல ஹார்னெட் போர் விமானத்தை கேரியர்ல, அதாவது விமானம் தாங்கிக் கப்பல்ல இறக்குறப்போ டெக்கோட பின் விளிம்புல இடிச்சு வெடிக்குது, இல்லன்னா கியர் (சக்கரமும் அதோட காலும்) உடையுது, அப்போ த்ராட்டிலை (இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கிற லீவர்) ஆட்டோல விடலாமா கையாலயே புடிக்கலாமான்னு நிறைய பேர் குழம்புறாங்க.

கத்துக்க:
ஆட்டோ – ரொம்ப ஈஸி, 8.1 டிகிரி ஏஓஏவை (எதிர்ல வர்ற காத்துக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம்) அதுவே புடிச்சுக்கும்.
கையால – பல நாள் பழகணும்.

கடைசி 15 விநாடி:
கையால – நிறைய பேர் அடிபடுற இடமே இதுதான். மீட்பால் (சரியான உயரத்துல வர்றோமான்னு கப்பல்ல இருந்து காட்டுற விளக்கு) கீழ இறங்குதேன்னு பதறி ஸ்டிக்கை இழுத்தா மூக்கு மட்டும் தூக்கும், ஸ்பீடு போயிடும், அப்புறம் இன்னும் வேகமா கீழ விழும். அங்க பவர்தான் கூட்டணும், ட்ரிம் (ஸ்டிக்கை புடிக்காமலே மூக்கு அதே கோணத்துல நிக்க வைக்கிற செட்டிங்) சரியா இருந்தா ஸ்டிக்கை மேல கீழ ஆட்டவே வேணாம்.
ஆட்டோ – ஸ்டிக்கை லேசா இழுத்தா பவர் தானா ஏறும், ஆனா கொஞ்சம் தாமதிச்சுதான், அதனால சின்னச் சின்னதா திருத்துங்க.

டெக் தொட்டதும்:
ரெண்டுலயும் உடனே ஃபுல் பவர். விமானத்தோட வால் ஹூக், டெக்ல குறுக்க கட்டியிருக்கிற வயர்ல மாட்டலன்னா மறுபடி பறந்தாகணும்ல.

கியர் உடையுறதுக்கு த்ராட்டில் மட்டும் காரணம் இல்ல, எடை 34,000 பவுண்டுக்குள்ள இருக்கான்னு முதல்ல பாருங்க, கூடுதல் எரிபொருளை கொட்டிடுங்க.

மிஷனை முடிச்சா போதும்னா, இல்ல ராத்திரி லேண்டிங்னா ஆட்டோ போடுங்க. வேற கேரியர் விமானமும் ஓட்டப் போறீங்கன்னா கையால பழகுங்க, நான் அதைத்தான் சொல்லுவேன்.