கண்புரையோடு சேர்த்து வைத்த கிளாகோமா ஸ்டென்ட்: ஆறு வருட அனுபவம்

2018 மார்ச்சில் இடது கண்ணில் புரை எடுத்தபோதே கிளாகோமாவுக்கான ஐஸ்டென்ட் என்ற சின்ன உலோகக் குழாயையும் வைத்துக்கொண்டேன். ஆறு வருடம் தாண்டிவிட்டது. "கண்ணுக்குள்ள உலோகமா, ஒண்ணும் ஆகாதா?" என்று இன்னும் பலர் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருந்தது ஆரம்பக் கட்டக் கிளாகோமா, அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். இரண்டு சொட்டு மருந்து போட்டும் கண் பிரஷர் 20, 21க்குக் கீழே இறங்கவில்லை, பார்வைப் பரப்பைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட்டில் மூக்குப் பக்கம் ஓர் இடம் லேசாக மங்கத் தொடங்கியிருந்தது. புரைக்குப் போடும் அதே கீறல் வழியாகவே ஸ்டென்ட்டையும் வைத்துவிடலாம், கூடுதலாகச் சில நிமிடம்தான் என்றார் டாக்டர். டைட்டானியம், நீளம் 1 மில்லிமீட்டர். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய ஒரு சல்லடை இருக்கிறது. அது அடைத்துக்கொள்ளும்போது பிரஷர் ஏறுகிறது, ஸ்டென்ட் அந்தச் சல்லடையைத் தாண்டி அதற்குப் பின்னால் உள்ள ஸ்க்லெம் கால்வாய்க்குள் நேரே வழி விடுகிறது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் செம்மண் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தது போல இருந்தது, பதறிவிட்டேன். கால்வாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் பின்னால் வருவது சகஜம்தான், ஸ்டென்ட் சரியான இடத்தில் இருப்பதற்கு அது ஓர் அடையாளம் கூட என்றார்கள். மூன்றாம் நாள் தெளிந்தது. இரண்டு வாரம் கழித்துப் பிரஷர் 27 காட்டியபோதுதான் நிஜமாகவே பயந்தேன். காரணம் ஸ்டென்ட் இல்லை, அறுவைக்குப் பிறகு போட்ட ஸ்டீராய்டு சொட்டு. சிலருக்கு அது பிரஷரை ஏற்றிவிடும், எனக்கும் ஏற்றியது. மருந்தை மாற்றியதும் 15க்கு வந்தது.

அப்புறம் ஆகஸ்ட் வந்தது. ஆல்கான் நிறுவனம் சைபாஸ் என்ற ஸ்டென்ட்டைத் தானாகவே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அதுவும் புரை அறுவையோடு சேர்த்து வைப்பதுதான், 2016இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 5 வருடம் கழித்துப் பார்த்தபோது சைபாஸ் வைத்தவர்களுக்குக் கார்னியாவின் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலம்) உட்புறச் செல்கள் சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தன, புரை மட்டும் எடுத்தவர்களுக்கு 10 சதவீதம்தான். இந்தச் செல்கள்தான் கார்னியாவில் நீர் தேங்காமல் வெளியேற்றித் தெளிவாக வைத்திருக்கின்றன, போனால் மறுபடி முளைக்காது. 2 வருட ஆய்வில் இது பெரிதாகத் தெரியாமல் போயிற்று என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று இரவு என் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தால் வெறுமனே "ஸ்டென்ட்" என்று எழுதியிருக்கிறது. எந்த ஸ்டென்ட்? டாக்டர் வாயால் ஐஸ்டென்ட் என்று சொன்னது நினைவிருந்தாலும் கையில் ஒரு காகிதம் இல்லை. பெயரும் மாடல் எண்ணும் உள்ள அட்டையை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்க மூன்று வாரம் நடந்தேன். தயவுசெய்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அந்த அட்டையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நாலு வருடம் கழித்து முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனபோது உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்டார்கள், 3 டெஸ்லா வரை எடுக்கலாம் என்று அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

எல்லா ஸ்டென்ட்டும் ஒன்றல்ல. சைபாஸ் போய் உட்காருவது வேறு இடம், கண்ணின் வெள்ளைச் சுவருக்கும் அதன் உள்ளுறைக்கும் நடுவில். அதன் முனை முன்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்ததோ அந்த அளவுக்குச் செல் இழப்பும் கூடியது. என்னுடையதை ஒரு கண்ணாடி லென்ஸைக் கண்மேல் வைத்து வருடம் ஒருமுறை பார்க்கிறார்கள். இடம் மாறவில்லை, அடைபடவில்லை. கார்னியாவின் அந்த உட்புறச் செல்களை எண்ணும் ஸ்பெகுலர் பரிசோதனையில் 2018 கடைசியில் சதுர மில்லிமீட்டருக்கு 2,310 இருந்தது, இந்த வருடம் 2,140. வயதும் புரை அறுவையும் சேர்ந்து குறைத்திருக்கக்கூடிய அளவுதான் இது என்கிறார் டாக்டர்.

பலன்? நாலரை வருடம் சொட்டு இல்லாமல் 15, 16இல் ஓடியது, பிறகு 19 ஆனதும் இரவில் ஒரு சொட்டு திரும்ப வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. புரை எடுப்பதே பிரஷரைக் கொஞ்சம் இறக்கும், எல்லாப் புகழையும் ஸ்டென்ட்டுக்குக் கொடுக்க முடியாது. ஹைட்ரஸ் என்ற இன்னொரு ஸ்டென்ட்டின் ஆய்விலேயே 5 வருட முடிவில் சொட்டு தேவைப்படாமல் இருந்தவர்கள் 66 சதவீதம், புரை மட்டும் எடுத்தவர்களில் 46 சதவீதம். வித்தியாசம் உண்மைதான், ஆனால் "இனி மருந்தே வேண்டாம்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். போன பார்வையையும் இது திருப்பித் தராது, என் கண்ணில் அந்த மங்கிய இடம் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது வலது கண்ணிலும் புரை முற்றி வருகிறது. அதிலும் ஸ்டென்ட் வைத்துக்கொள்ளப் போகிறேன். இடது கண்ணுக்கு அறுவைக்கு முன்னால் செல்களை எண்ணவே இல்லை, எவ்வளவு இருந்தது என்று இனிமேல் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வலது கண்ணுக்குப் போன வாரமே கேட்டு எடுத்துவிட்டேன்: 2,480.