சொந்த ஜிம்மா, வீட்டுப் பயிற்சியா, சிறு குழுவா?

சென்னையில் சில ஆண்டுகள் பிறருடைய ஜிம்மில் டிரெய்னராக இருந்தவர் தனித்தொழில் தொடங்க நினைத்தால், பெரும்பாலும் முதலில் கடை வாடகை விசாரிப்பதில்தான் இறங்குகிறார். அங்கேயே கணக்கு இடறுகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொன்னாலும், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மாத வாடகை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிரெட்மில்கூட வாங்காமலே 6 லட்சம் முடங்கிவிடும். மாதம் 1,500 ரூபாய் கட்டும் நாற்பது பேர் சேர்ந்தாலும் அது வாடகைக்குத்தான் சரியாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்தின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்ல செய்திதான் என்றாலும், இயந்திரங்களுக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது.

வீடு தேடிச் சென்று பயிற்சி தருவதற்கு ஒரு ஜோடி டம்பெல், இழுத்துப் பயிற்சி செய்யும் இரண்டு ரப்பர் பட்டை (ரெசிஸ்டன்ஸ் பேண்ட்), ஒரு பைக் போதும். ஆனால் எல்லோரும் கேட்பது காலை ஆறு மணியைத்தான். அடையாறில் ஒருவரையும் அண்ணா நகரில் இன்னொருவரையும் ஏற்றுக்கொண்டால் அந்தக் காலைப்பொழுது சாலையிலேயே கரைந்துவிடும்.

ஆகவே சிறு குழுப் பயிற்சியையே நான் முதலில் வைப்பேன். மாலையில் மட்டும் இயங்கும் நடனப் பள்ளியின் கூடத்தைக் காலையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, எட்டுப் பேருக்குத் தலா 2,500 ரூபாய் வீதம் மூன்று பேட்ச் நடத்தினால் மாதம் 60,000 ரூபாய் வரும். அதில் கூடத்தின் வாடகை போனாலும் உழைப்புக்கு உரிய தொகை கையில் நிற்கும். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை.

திட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. ஒரே பேட்டையில், ஒரே வகையினருக்கு, உதாரணமாக முழங்கால் வலியோடு இருக்கும் ஐம்பது வயதுப் பெண்களுக்கு என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். சேரும் நாளில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணிக் குறித்து, எட்டு வாரம் கழித்து அவரையே மறுபடி எண்ணச் சொல்ல வேண்டும். ஒன்பது பதின்மூன்றானதைத் தானே எண்ணிப் பார்த்தவர் அடுத்த மாதக் கட்டணத்தைத் தயங்காமல் கட்டுவார். நான்காம் மாதமும் பத்தில் எட்டுப் பேர் தொடர்ந்தால், அப்போது கடை வாடகை விசாரிக்கலாம்.