கோனிக் போர்க்கப்பல் மாடல் கிட் (1:350): வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் அடிப்பாகத்தோடு வருகிற முழுக் கப்பலாகவே வாங்குங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள பாதி மட்டும் வரும் கிட் விலை குறைவு, மேசையில் வைத்தால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும், ஆனாலும் இந்தக் கப்பலுக்கு அது பத்தாது, ஏனென்றால் முதல் உலகப்போர் ஜெர்மன் கப்பலான கோனிக்கை முடித்து வைத்தது எதிரியின் பீரங்கி இல்லை, கடல்நீரை உள்ளே விடும் அதன் அடி வால்வுகள்.

நம்மில் பலருக்கு முதல் உலகப்போர் ஜெர்மன் கப்பல் என்றால் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் குண்டு போட்ட எம்டன்தான். அது அந்த நவம்பரிலேயே கோகோஸ் தீவுப் பக்கம் அழிந்துபோனது. அதே பெயரில் ஜெர்மனி கட்டிய அடுத்த எம்டனில் இருந்துதான் 1919 ஜூன் 21 காலையில், தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடிக்கச் சொல்லி ஜெர்மன் மாலுமிகளுக்கு அவர்கள் தளபதி அட்மிரல் ராய்ட்டர் உத்தரவு கொடுத்தார். போர் நிறுத்தத்துக்குப் பிறகு 74 ஜெர்மன் கப்பல்களை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ என்ற விரிகுடாவில் பிரிட்டிஷார் நிறுத்தி வைத்திருந்தார்கள். ரேடியோ கிடையாது, செய்தித்தாளும் நாலு நாள் பழசாகத்தான் கைக்கு வரும், அதை வைத்துக்கொண்டு சமாதானப் பேச்சு முறிந்தால் கப்பல்கள் பறிபோகும் என்று ராய்ட்டர் கணக்குப் போட்டார். அன்று காலை பார்த்து பிரிட்டிஷ் கப்பல்கள் பயிற்சிக்கு வெளியே போயிருந்தன. மூழ்கடிக்கச் சொல்லும் சங்கேதமாக 'பத்தி 11' என்று கொடியில் சமிக்ஞை ஏறியது. வால்வுகளைத் திறந்து, திரும்ப அடைக்க முடியாதபடி கைப்பிடிகளைக் கடலில் வீசினார்கள், கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. 52 கப்பல்கள் போயின. கோனிக் மதியம் 2 மணிக்கு. ஆயுதம் இல்லாத ஜெர்மானியர்கள் 9 பேரைப் பிரிட்டிஷார் சுட்டுக் கொன்றார்கள், கோனிக்கின் சகோதரிக் கப்பலான மார்க்கிராஃபின் கேப்டனும் அதில் ஒருவர். எனக்கு இந்த 9 பேர்தான் மனசை விட்டுப் போகவில்லை, போர் முடிந்து ஏழு மாசம் ஆகியிருந்தது.

சரி, கிட்டுக்கு வருவோம். ஒட்டி முடித்தால் அரை மீட்டர் நீளம். ஐந்து இரட்டைப் பீரங்கி மேடைகளும் சுத்தமாகத் திரும்புகின்றன, மேல்தளத்துப் பலகைக் கோடுகள் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்கு நேர்த்தி. உடல்தான் இடது, வலது என்று இரண்டு பாதி. முன்மூக்கில் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி, பட்டி வைத்து உப்புத்தாள் போட்டே ஆகவேண்டும். என் பெட்டியில் ஒரு பீரங்கிக் குழல் வளைந்தே வந்தது, விற்றவர்களுக்கு எழுதிப் பார்த்தும் பதில் இல்லை, வெந்நீரில் முக்கி நிமிர்த்திக்கொண்டேன்.

பெரிய குறை கையேடு. 1916இல் பிரிட்டிஷாரோடு நடந்த ஜட்லாண்ட் கடற்சண்டையில் ஜெர்மன் வரிசைக்குத் தலையாகப் போய் அடி வாங்கிய கப்பல் என்பதோடு வரலாறு நின்றுவிடுகிறது, 1919 பற்றி ஒரு வரி இல்லை. கொடுத்திருப்பதும் 1914 கோலம். கடைசி நாள் கோலத்தில் செய்ய ஆசைப்பட்டால் பக்கவாட்டில் டார்பிடோவைத் தடுக்கும் வலையைத் தாங்கும் கம்பிகளை ஒட்டாதீர்கள், ஜட்லாண்டுக்குப் பிறகு வலையை எடுத்துவிட்டார்கள். சாம்பல் பெயிண்டைப் பளபளவென்று விடாமல் துரு ஏற்றுங்கள், அந்த ஏழு மாசம் கப்பல்களைக் கவனிக்க ஆளும் இல்லை, மனசும் இல்லை. கொடியைக் கட்டாயம் ஏற்றுங்கள். 1918 நவம்பர் 21 அன்று பிரிட்டிஷ் அட்மிரல் பீட்டி இறக்கச் சொன்ன கொடியை, மூழ்கடித்த அன்றைக்குத்தான் மறுபடி ஏற்றினார்கள்.

பாளையங்கோட்டை, டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. மாடலுக்கு என்றே வரும் பெயிண்ட் இங்கே நான் தேடிய கடைகளில் இல்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். ஹார்டுவேர் கடை தின்னரை இதில் தொடவே தொடாதீர்கள். "தம்பி, இது இரும்புக்கு உள்ளது, பிளாஸ்டிக்ல பட்டா இளகிரும்" என்று கடை அண்ணாச்சியே சொல்லித்தான் அனுப்பினார். அப்புறம் ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து பெயிண்ட் அடித்தால் புழுதி முழுக்கக் கப்பலில்தான் உட்காரும்.

விலை நாலாயிரத்துச் சொச்சம். முதல்முறை மாடல் செய்கிறவர்களுக்கு இது வேண்டாம், சின்னப் பொடிப்பொடி உருப்படிகள் நிறைய. ஒன்றிரண்டு கப்பல் செய்து கை பழகியவர்கள் தாராளமாக வாங்கலாம். நிஜக் கோனிக்கை யாரும் தூக்கவில்லை, இன்றும் ஸ்காப்பா ஃப்ளோவின் அடியில்தான் தலைகீழாகக் கிடக்கிறது, அதனால் அடிப்பாகத்துக்குச் சிவப்பு அடிக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்.