கடைசி நாட்களில் வீட்டுக்கு யார் வர வேண்டும்: நர்ஸா, பக்கத்து வீட்டு அக்காவா?

குழித்துறைப் பக்கம் எங்கள் பெரியம்மா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். புற்றுநோய். "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஏழு மாதத்தில் எல்லா விதமான உதவியையும் பார்த்துவிட்டேன்.

முதலில் அரசு வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சையும் உண்டு. நர்ஸ் வீட்டுக்கே வருவார், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவார். காசு கிடையாது. ஆனால் அவர் பல ஊர்களுக்கு அலைகிறவர். அடுத்த முறை வரும்வரை நாம்தான்.

இன்னொன்று, களியக்காவிளை தாண்டினால் பேசப்படும் கேரள முறை. மலப்புரத்தில் ஊர்க்காரர்களே கையிலெடுத்தது. வாரம் 2 மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்குப் பயிற்சி கொடுத்து நோயாளி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பணமும் ஊரிலேயே சில்லறையாகச் சேர்கிறது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே கொண்டுவந்தது.

எங்கள் தெருவில் அப்படி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். ரப்பர் பால்வெட்டு முடித்து வந்து பெரியம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பார். படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒருநாள் இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்ததை அக்காதான் கண்டார். விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. தோல் கிழியும் முன்பே பிடித்துவிட்டோம். நர்ஸ் வருகிற நாள்வரை காத்திருந்தால் அது குழிப்புண்ணாகியிருக்கும்.

சரி, வலி? அங்கே அக்காவால் முடியாது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் (morphine) மாத்திரை டாக்டர் எழுதித்தான் வரும். 2014-ல் போதைமருந்துச் சட்டம் தளர்ந்த பிறகும் எல்லா மருந்துக்கடையிலும் வைப்பதில்லை. ஒரு சனிக்கிழமை மாத்திரை தீர்ந்துபோனது. அந்த ராத்திரியைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

அப்புறம் சர்ச் அன்பியம், அதாவது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழு. பதினைந்து பேர் வந்து ஜெபித்தபோது பெரியம்மாவுக்குக் காற்றே வரவில்லை! ஆனால் யார் வீட்டில் வாட்டர் பெட் சும்மா கிடக்கிறது என்று சொன்னது அவர்கள்தான்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் அக்காவை எடுப்பேன், அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் இருந்தால் மட்டும். எங்கள் விஷயத்தில் நர்ஸின் நம்பர் நாகர்கோவிலில் வேலைக்குப் போகிற என்னிடம் இருந்தது. தினமும் பெரியம்மாவைப் புரட்டிய அக்காவிடம் இல்லை.